வயரைக் குத்துவதற்கு முன்

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்துத் திருவிழா மேடைக்குச் சாமான்கள் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. மிக்ஸரும் அம்ப்ளிபயரும் ஹட்டனிலிருந்தோ தலவாக்கலையிலிருந்தோ வாடகைக்கு வரும். கீபோட் வாசிப்பவர் தன்னுடையதைக் கொண்டுவருவார். காலால் மிதித்து ஓசையை மாற்றும் கிட்டார் பெடல் யாரிடமோ வாங்கிய இரவல். ஜெனரேட்டர் இன்னொருவருடையது. லொறி மேலே ஏறி வரும்போதே இருட்டி, பனிமூட்டம் இறங்கிவிடும். உதவிக்கு வந்த தம்பிமார் கைக்கு அகப்பட்ட வயரைக் கண்ணில் பட்ட ஓட்டையில் குத்துவார்கள். மலையில் மழை கெடுத்த கருவிகளைவிட இந்த அவசரம் கெடுத்தவையே அதிகம் என்பது மேடை வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும்.

தம்பிமாரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரே உருவப் பிளக்கை வெவ்வேறு வேலைக்கு வைத்திருப்பதுதான் வில்லங்கம். கால் அங்குல ஜக்கையே பாருங்கள். கிட்டாரிலிருந்து வரும்போது அதில் ஓடுவது ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. மிக்ஸரிலிருந்து அம்ப்ளிபயருக்குப் போகும் லைன் அவுட்டில் ஒன்றேகால் வோல்ட் அளவு. அம்ப்ளிபயரும் உள்ளேயே இருக்கும் பழைய பவர் மிக்ஸரின் ஸ்பீக்கர் அவுட்டிலும் அதே ஜக்தான். ஆனால் 8 ஓம் பொக்ஸுக்கு 200 வாட் கொடுக்கும்போது அங்கே ஓடுவது 40 வோல்ட். அதை இன்னொரு மிக்ஸரின் இன்புட்டில் குத்தினால் உள்ளே இருக்கும் ஐசி தாங்காது. அம்ப்ளிபயர் ஓடிக்கொண்டிருக்கும்போது ஜக்கைச் செருகினாலோ உருவினாலோ அதன் நுனி ஒரு கணம் ஓட்டையின் உலோக உடம்போடு தொட்டு ஷோர்ட் ஆகும். பாதுகாப்புச் சுற்று இல்லாத பழைய அம்ப்ளிபயரின் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் போக அந்தக் கணம் போதும்.

இதற்கு எச்சரிக்கை எழுதி ஒட்டுவதைவிடப் பிளக்கையே மாற்றுவது நல்லது. ஸ்பீக்கருக்குப் போகும் லைன் எல்லாவற்றையும், ஸ்பீக்கருக்கென்றே உள்ள, திருகிப் பூட்டும் ஸ்பீக்கொன் பிளக்குக்கு மாற்றிவிடுங்கள். யார் நினைத்தாலும் அது மிக்ஸருக்குள் போகாது. வயர் 2.5 சதுர மில்லிமீட்டர் இருந்தால் 8 ஓம் பொக்ஸுக்கு 20 மீட்டர் தாராளமாக ஓடலாம். கிட்டார் வயரை ஸ்பீக்கர் வயராகப் போடவே கூடாது. உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி சூடேறி உருகிவிடும்.

அடுத்தது அடப்டர். பெரும்பாலான கிட்டார் பெடல்களுக்கு 9 வோல்ட், நடுவில் மைனஸ். யமஹாவின் சிறிய கீபோட்கள் பலவற்றுக்கு 12 வோல்ட், நடுவில் பிளஸ். இரண்டின் முனையும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், மாறிப் போய் அமர்ந்தும்விடும். வோல்ட்டும் கூடி, திசையும் மாறினால் பெடலுக்கு எதுவும் மிஞ்சாது. மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை நடு ஓட்டையிலும் கறுப்பை வெளி உலோகத்திலும் தொடுங்கள். எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி வந்தால் நடுவில் மைனஸ். அதைக் கருவியின் அடியில் அச்சிட்ட வட்டப் படத்தோடு ஒப்பிடுங்கள். அம்பியர் கூடினால் பரவாயில்லை, குறையக் கூடாது. பார்த்து முடிந்ததும் முனையின் கழுத்திலேயே டேப் சுற்றிக் கருவியின் பெயரை எழுதிவிட்டால் இருட்டிலும் கை தடுமாறாது.

பாண்டம் பவர் என்பது, மின்சாரம் தேவைப்படும் கண்டென்சர் மைக்குக்காக மிக்ஸர் மைக் வயரிலேயே அனுப்பும் 48 வோல்ட். அது சேதத்தை உடனே காட்டாது. கீபோட்டின் ஜக் வயருக்கு, மைக் வயரில் இருக்கும் மூன்று ஊசி எக்ஸ்எல்ஆர் முனை மாட்டி நேரே மைக் ஓட்டையில் குத்துவது இங்கே வழக்கம். சத்தமும் வரும். பிறகு ஒரு கண்டென்சர் மைக்குக்காக யாரோ பாண்டம் பொத்தானை அழுத்துவார்கள். சின்ன மிக்ஸர்களில் பெரும்பாலும் அந்த ஒரே பொத்தான்தான் எல்லா மைக் ஓட்டைகளுக்கும் 48 வோல்ட் அனுப்புகிறது. 6.8 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக வருவதால் கரண்ட் சில மில்லி அம்பியர்தான், புகை வராது. ஆனால் கீபோட் அவுட்டில் 16 அல்லது 25 வோல்ட் கப்பாசிட்டர் இருந்தால் அது மெல்ல மெல்லச் சாகும். சில திருவிழா கழித்து ஒரு பக்கம் கரகரக்கும்போது காரணம் யாருக்கும் நினைவிருக்காது. நடுவில், கீபோட்டின் சிக்னலை மைக் ஓட்டைக்கு ஏற்றபடி மாற்றித் தரும், டிரான்ஸ்போமர் உள்ள டிஐ பெட்டி ஒன்றைப் போட்டால் இந்த 48 வோல்ட் கீபோட்டை எட்டாது. தப்புக்கும் உறுமிக்கும் வைக்கும் டைனமிக் மைக்குக்குச் சரியான வயர் இருந்தால் பாண்டம் ஒன்றும் செய்யாது.

இவை ஒவ்வொரு கருவியைக் கெடுப்பவை. மேடையையே ஒரேயடியாகக் கொளுத்துவது மூன்று பேஸ் ஜெனரேட்டரில், மூன்றுக்கும் பொதுவான நியூட்ரல் வயர் கழன்றுபோவது. லைட் ஒரு பேஸிலும் சவுண்ட் இன்னொன்றிலும் ஓடும்போது நியூட்ரல் விட்டால் இரண்டும் 400 வோல்ட்டுக்குக் குறுக்கே வரிசையாக நிற்கும். லோட் குறைந்த பக்கத்துக்கு வோல்ட் ஏறும், அது பெரும்பாலும் சவுண்ட் பக்கம். ஆகவே ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதும், எதையும் குத்துமுன், ஒவ்வொரு சொக்கெட்டிலும் மீட்டர் வைக்க வேண்டும். லைவுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் 230க்குப் பக்கத்தில் நிற்க வேண்டும், லைட்டைப் போட்டு அணைக்கும்போதும் துள்ளக் கூடாது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் சில வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலக்ட்ரீசியன் வந்து பார்க்கும்வரை நிறுத்தி வையுங்கள். நிகழ்ச்சி தாமதமாகட்டும்.

எர்த் பற்றி இதையும் சொல்லியே ஆக வேண்டும். நம்மிடம் சதுர ஊசிப் பிளக்கும் வட்ட ஊசிப் பிளக்கும் கலந்து கிடப்பதால், நடுவில் மாட்டும் மலிவான மல்டி பிளக்கில் எர்த் அறுந்துபோவது சகஜம். இரைச்சலை நிறுத்த எர்த் ஊசியைக் கழற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். கை கிட்டார் கம்பியிலும் உதடு மைக்கிலும் இருக்கும் பாடகருக்கு அது உயிராபத்து. இரைச்சலுக்கு டிஐ பெட்டியில், சிக்னல் வயரின் எர்த்தை மட்டும் பிரிக்கும் கிரவுண்ட் லிப்ட் பொத்தான் இருக்கிறது, அதை மட்டும் தட்டுங்கள்.

வயர் இணைப்புகள் ஈரப் புல்லில் கிடக்கக் கூடாது, ஒரு செங்கல்லின் மேலாவது தூக்கி வையுங்கள். பிளக் குத்தும் பொறுப்பு ஒரே ஆளிடம் இருக்கட்டும். “தம்பி, வயரை இழுத்து வைங்க, குத்த வேணாம்” என்று முதலிலேயே அன்பாகச் சொல்லிவிட்டால் யாரும் கோபிப்பதில்லை. ஓன் பண்ணும்போது மிக்ஸர் முதலில், அம்ப்ளிபயர் கடைசியில். முடிக்கும்போது அம்ப்ளிபயரை முதலில் அணைத்து, பாண்டத்தை நிறுத்தி அரை நிமிடம் விட்டு, அதன் பிறகே வயர்களை உருவ வேண்டும். விடியற்காலையில் தூக்கக் கலக்கத்தோடு சுருட்டும்போது, கரகரத்த வயருக்குச் சிவப்பு டேப் சுற்றித் தனிப் பையில் போடுங்கள். அடுத்த தோட்டத்துக்குப் போகுமுன் மீட்டர் வைத்துப் பார்க்கலாம்.