இரண்டு பிள்ளைகள், ஒரே பை

போன தடவை பினாங்கு போனபோது பெரிய பெட்டியை இழுத்துக்கொண்டு பட்டர்வொர்த் படகுத்துறைக்கு நடந்ததில், சின்னவனைத் தூக்கக் கையே இல்லை. இந்த முறை முதுகுப்பை ஒன்றுதான். ஆளுக்கு இரண்டு மாற்றுத்துணி. பினாங்கின் ஜார்ஜ்டவுன் நகரில்தான் காசு போட்டால் துவைக்கும் டோபி கடைகள் இருக்கின்றனவே.

விட முடியாதது அப்பாவின் பழைய கைலி. கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் நிலையத்திலிருந்து பட்டர்வொர்த்துக்கு இடிஎஸ் மின்சார ரயிலில் நாலு மணி நேரத்துக்கு மேல். ஏசி குளிர் எலும்பு வரை போகும். அங்கே அது போர்வை, படகில் வெயிலுக்கு மறைப்பு, பத்து ஃபெரிங்கி கடற்கரையில் துண்டு, சின்னவன் தூங்கிவிட்டால் தோளில் தூளி.

“அம்மா, என் டைனோசர்?” என்றாள் பெரியவள். சரி, நீயே தூக்கினால் ஒன்று. ரயில் வழியில் தஞ்சோங் மாலிம் ஊரைத் தாண்டுவதற்குள் அது என் மடியில்.