ஒரே நிர்வாகிக்காக எழுதப்பட்ட டெலிகிராம் சாட்பாட்டைப் பலர் நிர்வகிக்கும்படி மாற்றிய அனுபவம்

எங்கள் இரத்தக்கொடைத் தன்னார்வக் குழுவின் டெலிகிராம் சாட்பாட்டில், ஒருங்கிணைப்பாளர்கள் பலரும் ஒரே சமயத்தில் பணியாற்றக்கூடிய நிர்வாகப் பலகம் ஒருவழியாக இயங்கத் தொடங்கிவிட்டது. நோயாளியின் உறவினர் கோரிக்கையைப் பதிவு செய்வார். நிர்வாகி அதைச் சரிபார்த்து ஒப்புதல் தந்ததும், அந்த இரத்தப் பிரிவைச் சேர்ந்த கொடையாளர்களுக்குச் செய்தி போகும். பயனர் அட்டவணையையும் பொத்தான்களையும் எழுதியதில் சிரமம் எதுவும் இல்லை. படுத்தி எடுத்தவை வேறு.

முதல் தலைவலி உரிமை தொடர்பானது. சாட்பாட்டை உருவாக்கித் தந்தவர், சாட்பாட்களைப் பதிவு செய்யும் டெலிகிராமின் பாட்ஃபாதரில் அதைத் தம் சொந்தக் கணக்கிலேயே பதிவு செய்துவிட்டுப் போயிருந்தார். கேட்டபோது, "டோக்கன்தான் உங்களிடம் இருக்கிறதே, வேறென்ன வேண்டும்?" என்றார். டோக்கன் என்னும் இரகசியச் சாவி கையில் இருந்தால் சாட்பாட்டை இயக்கலாம். ஆனால் அது கசிந்துவிட்டால் ரத்து செய்துவிட்டுப் புதியது பெறுவதற்கு உரிமையாளரின் கணக்கு வேண்டும். பல நாள் கெஞ்சிய பிறகே உரிமையை மாற்றித் தந்தார். இத்தகைய பணியைத் தொடங்குவோர், ஒரு வரி நிரல் எழுதும் முன்பே உரிமையைத் தம் குழுவின் கணக்குக்கு மாற்றிக்கொண்டு, மாற்றிய கையோடு பழைய டோக்கனை ரத்து செய்துவிடுவது நல்லது.

அடுத்து, பழைய நிரல் நிர்வாகியைப் பயனர்பெயரை வைத்தே அடையாளம் கண்டது. பயனர்பெயரை யாரும் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்பதால், நிர்வாகி விட்ட பெயரை வேறொருவர் எடுத்துக்கொண்டால் நிர்வாக அதிகாரமும் அந்த வேறொருவரிடம் போய்விடும். ஒவ்வொரு கணக்குக்கும் டெலிகிராம் தரும் மாறாத எண் அடையாளத்தை மட்டுமே நம்ப வேண்டும். அந்த எண் 32 பிட்டுக்குள் அடங்காமல் போகக்கூடும் என்பதால், தரவுத்தளத்தில் 64 பிட் முழு எண்ணாகச் சேமிக்க வேண்டும்.

என்னை உண்மையிலேயே பதற வைத்தது பழைய நிரலின் அனுமதிப் பட்டியலில் நிர்வாகியின் பயனர்பெயரோடு கூடவே இருந்த 1087968824 என்ற எண். குழுவில் பெயர் காட்டாமல் எழுதும் நிர்வாகி எவராயினும், அவருடைய செய்தி சாட்பாட்டுக்கு இந்த ஒரே எண்ணிலிருந்துதான் வந்து சேரும். எங்கள் ஒருங்கிணைப்பாளர் ஒருவர் அந்த வசதியைப் பயன்படுத்தியிருக்கிறார். கட்டளை ஏற்கப்படவில்லை என்று அவர் சொன்னதும், நிரலை எழுதியவர் அந்த எண்ணையே பட்டியலில் சேர்த்துவிட்டிருக்கிறார். இதன் விளைவு என்னவென்றால், முன்பின் தெரியாத எவரும் தாமே ஒரு குழுவைத் தொடங்கி, எங்கள் சாட்பாட்டை அதில் சேர்த்து, பெயர் காட்டாத நிர்வாகியாகக் கட்டளையிட்டால், கொடையாளர்களின் தொலைபேசி எண்கள் முழுவதும் அவருக்குக் கிடைத்திருக்கும். அந்த எண்ணை அன்றே நீக்கினேன். நிர்வாகக் கட்டளைகளைத் தனி உரையாடலில் மட்டுமே ஏற்கும்படி மாற்றினேன். உங்கள் பட்டியலிலும் இந்த எண் இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.

கட்டளைப் பட்டியலை ஒவ்வொரு நிர்வாகிக்கும் தனித்தனியாகக் காட்டும் வசதி 2021 முதல் இருக்கிறது. அது கண்ணுக்கு மறைக்குமே தவிர, தடுக்காது. மறைந்திருக்கும் கட்டளையைத் தட்டச்சு செய்து அனுப்பினால் சாட்பாட்டுக்கு அது வந்துதான் சேரும். பொத்தான்களும் அப்படியே. பொறுப்பிலிருந்து விலகியவரின் பழைய உரையாடலில் 'ஒப்புதல்' பொத்தான் அப்படியே கிடக்கும். அவர் அழுத்தினால் வேலை செய்யும். ஆகவே ஒவ்வொரு அழுத்தத்தின்போதும், அந்த நொடியில் அவருக்கு அதிகாரம் உண்டா என்று தரவுத்தளத்தில் சரிபார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

பொத்தானோடு சேர்த்து அனுப்பும் தரவு 64 பைட்டைத் தாண்டக் கூடாது. பழைய நிரல் மருத்துவமனையின் பெயரையே அதில் திணித்திருந்தது. துணைக்குறியும் புள்ளியும் உட்படத் தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 என்ற குறியாக்க முறையில் 3 பைட் எடுப்பதால், 11 குறிகள் கொண்ட 'மருத்துவமனை' என்ற சொல்லுக்கே 33 பைட் போய்விடுகிறது. ஆங்கிலப் பெயர்களோடு சோதித்தபோது ஒழுங்காக ஓடியது, தமிழில் முகவரி வந்தவுடன் செய்தியே போகாமல் நின்றது. கோரிக்கையின் எண்ணை மட்டும் பொத்தானில் வைத்து, மற்றதைத் தரவுத்தளத்திலிருந்து எடுப்பதே முறை.

புதிய நிர்வாகியைச் சேர்ப்பதிலும் ஒரு தடை உண்டு: தன்னிடம் முதலில் பேசாதவருக்குச் சாட்பாட் தானாகச் செய்தி அனுப்ப முடியாது. ஒருமுறை மட்டுமே செல்லும் குறியீட்டைக் கொண்ட தொடக்க இணைப்பை, அதாவது சாட்பாட்டோடு உரையாடலைத் தொடங்கி வைக்கும் இணைப்பை, அனுப்பி, அவர் அதை அழுத்தியதும் அவருடைய அடையாள எண்ணைப் பதிந்துகொள்கிறேன்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்திருந்த வேளையில், ஒரே கோரிக்கைக்கு இருவர் ஏறக்குறைய ஒரே கணத்தில் ஒப்புதல் தர, கொடையாளர்களுக்குச் செய்தி இரட்டையாகப் போயிற்று. அவசரத்தில் இருக்கும் மனிதர்களை இப்படிக் குழப்புவது சரியல்ல. 'நிலையைப் படி, பிறகு மாற்று' என்ற இரண்டு படிகளை எடுத்துவிட்டு, நிலை இன்னும் 'காத்திருப்பு' என இருந்தால் மட்டுமே மாற்றும் ஒரே கட்டளையாக எழுதினேன். தரவுத்தளத்தில் அந்தக் கோரிக்கையின் பதிவு மாறினால், அழுத்தியவரின் ஒப்புதலே செல்லும். எதுவும் மாறவில்லையென்றால், வேறொருவர் முந்திவிட்டார் என்ற அறிவிப்பு. கூடவே, ஒவ்வொரு நிர்வாகிக்கும் போன செய்தியின் எண்ணைச் சேமித்து வைத்திருப்பதால், ஒருவர் முடிவெடுத்தவுடன் மற்றவர்களின் திரையில் பொத்தான்கள் மறைந்து, முடிவெடுத்தவரின் பெயரும் நேரமும் அங்கே வந்துவிடுகின்றன. யார் பார்த்துக்கொண்டார்கள் என்று ஒருவரையொருவர் தொலைபேசியில் கேட்டுக்கொள்ள வேண்டிய தேவை இப்போது இல்லை.