டாப்ஸை நம்பி ஏஐ கம்ப்யூட்டர் வாங்காதீர்கள்

'ஏஐ பிசி' என்ற ஸ்டிக்கர் ஒட்டாத புது லேப்டாப்பை இப்போது தேடித்தான் பிடிக்க வேண்டும். ஸ்டிக்கருக்குப் பக்கத்திலேயே ஒரு எண் இருக்கும்: 40 டாப்ஸ், 45 டாப்ஸ், 48 டாப்ஸ். நொடிக்கு எத்தனை லட்சம் கோடி கணக்குகளைச் சிப் போடும் என்பதுதான் டாப்ஸ். 2024 மே மாதம் மைக்ரோசாஃப்ட் 'கோபைலட் பிளஸ் பிசி'யை அறிவித்தபோது, என்பியு (ஏஐ கணக்குகளுக்கென்றே சிப்பில் உள்ள தனிப் பகுதி) 40 டாப்ஸுக்குக் குறையக் கூடாது, ரேம் 16 ஜிபி, ஸ்டோரேஜ் 256 ஜிபியாவது வேண்டும் என்று நிபந்தனை போட்டது. அன்றிலிருந்து சிப் கம்பெனிகள் இந்த ஒற்றை எண்ணைப் பிடித்துக்கொண்டு விடுவதாக இல்லை.

லாமா, குவென், ஜெம்மா மாதிரி மொழி மாடல்களைச் சொந்தக் கம்ப்யூட்டரில் ஓட்டத்தான் வாங்குகிறீர்கள் என்றால், அந்த எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள். பார்க்க வேண்டியவை இரண்டு. மெமரி எத்தனை ஜிபி? அதிலிருந்து நொடிக்கு எத்தனை ஜிபி படிக்க முடியும்? இரண்டாவதற்குப் பெயர் மெமரி பேண்ட்வித். ஸ்டிக்கரில் அதைத் தேடாதீர்கள், இருக்காது. சிப்பின் விவரப் பக்கத்தில் கீழே எங்கேயாவது கிடக்கும்.

ஏன் அது முக்கியம் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். மாடல் பதிலை ஒவ்வொரு டோக்கனாகத்தான் (ஒரு சொல் அல்லது சொல்லின் துண்டு) துப்பும். ஒவ்வொரு டோக்கனுக்கும் மாடலின் எல்லா வெயிட்களையும் (பயிற்சியில் அது கற்ற எண்கள், பாராமீட்டர் என்பதும் இவைதான்) மெமரியிலிருந்து ஒரு முறை முழுதாகப் படித்தாக வேண்டும். லாமா 3.1-இன் 800 கோடி பாராமீட்டர் மாடலை 4 பிட் அளவுக்குச் சுருக்கிய ஃபைல், எல்லாரும் இறக்கும் 'க்யூ4 கே எம்' வகை, சுமார் 4.9 ஜிபி. ஸ்னாப்டிராகன் எக்ஸ் எலீட் சிப்பின் பேண்ட்வித் நொடிக்கு 135 ஜிபி. 135-ஐ 4.9-ஆல் வகுத்தால் 27. நொடிக்கு 27 டோக்கன்தான் உச்சவரம்பு. நடைமுறையில் அதற்கும் கீழேதான் வரும்.

அதே சிப்பை டாப்ஸ் வழியாகப் பார்ப்போம். ஒரு பாராமீட்டருக்கு ஒரு பெருக்கல், ஒரு கூட்டல். ஆக ஒரு டோக்கனுக்கு 1,600 கோடி கணக்குகள். என்பியு 45 டாப்ஸ், அதாவது நொடிக்கு 45 லட்சம் கோடி. வகுத்தால் 2,800 டோக்கன். கணக்குப் போடும் பகுதிக்கு 2,800 டோக்கன் போடத் தெம்பு இருக்கிறது, மெமரி கொண்டுவந்து கொடுப்பதோ 27-க்குத்தான். ஆனைப் பசிக்குச் சோளப்பொரி. அடுத்த வருடச் சிப்பில் டாப்ஸை இரட்டிப்பாக்கினாலும் இந்த 27 அசையாது.

என்பியு வீண் என்று சொல்லவில்லை. வீடியோ காலில் பின்னணியை மங்கலாக்குவது, பேச்சை எழுத்தாக்குவது போன்ற சின்ன மாடல்களைப் பேட்டரியைத் தின்னாமல் ஓட்ட அது நல்ல பொருள். ஆனால் இந்த லேப்டாப்களில் சிபியு, ஜிபியு, என்பியு மூன்றும் ஒரே மெமரியைத்தான் பங்கு போடுகின்றன. எதில் ஓட்டினாலும் பதில் வரும் வேகத்துக்கு அந்த 135-தான் கூரை.

சாதாரண டிடிஆர்5 ரேமுக்கு நீங்களே கணக்குப் போடலாம். டிடிஆர்5-5600 என்றால் 5600-ஐ 8 பைட்டால் பெருக்கி, சேனல் (ரேமுக்கும் சிப்புக்கும் இடையிலான பாதை) எண்ணிக்கையால் பெருக்குங்கள். இரண்டு சேனலில் 89.6 ஜிபி. பல லேப்டாப்கள் 16 ஜிபியை ஒரே ஸ்டிக்காகப் போட்டு வருகின்றன. அப்போது ஒரே சேனல், 44.8. ரேம் அளவு அதேதான், வேகம் பாதி. இதைக் கவனிக்காமல் 'இந்தச் சிப் மோசம்' என்று ரிவ்யூ எழுதியவர்கள் ஏராளம். டெஸ்க்டாப்பில் இதற்கு நேர்மாறான தப்பு நடக்கும். நான்கு ஸ்லாட்டையும் நிரப்பினால் வேகம் கூடும் என்று நினைப்பார்கள். சாதாரண மதர்போர்டில் நான்கு ஸ்டிக் போட்டாலும் சேனல் இரண்டுதான். நான்கையும் தாங்க முடியாமல் போர்டு ரேம் வேகத்தைக் குறைத்துவிடுவதும் உண்டு.

புதுசு என்றால் வேகம் என்ற நம்பிக்கையும் இங்கே செல்லாது. ஆப்பிள் எம்2 ப்ரோவின் பேண்ட்வித் 200 ஜிபி, அடுத்து வந்த எம்3 ப்ரோவில் 150. என்விடியாவின் கிராஃபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 3060-இல் 12 ஜிபி மெமரி, 360 ஜிபி பேண்ட்வித். அதன் வாரிசான 4060-இல் 8 ஜிபி, 272. கேம் ஆட 4060 மேல்தான், மாடல் ஓட்டப் பழையதுதான் மேல். 2020-இல் வந்த 3090-ஐ (24 ஜிபி, 936) இன்றும் பலர் பழையதாகத் தேடி வாங்குவதற்கு இதுவே காரணம். 4090-இல் கணக்குப் போடும் திறன் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது, பேண்ட்வித் ஏறியதோ 1,008 வரைதான்.

விளம்பர எண்ணுக்கும் நிஜத்துக்கும் உள்ள தூரத்தைப் பார்க்க என்விடியாவின் மேசை ஏஐ கம்ப்யூட்டரான டிஜிஎக்ஸ் ஸ்பார்க் போதும். 'ஒரு பெட்டாஃப்ளாப்' என்கிறார்கள், அதாவது நொடிக்கு ஆயிரம் லட்சம் கோடி கணக்குகள். அது 4 பிட் கணக்கில், அதுவும் ஸ்பார்சிட்டி (பூஜ்ஜியமான எண்களைத் தாண்டிப்போவது) என்ற சலுகையைச் சேர்த்த எண். மெமரி 128 ஜிபி, தாராளம்தான். பேண்ட்வித் 273. 7,000 கோடி பாராமீட்டர் லாமாவை 4 பிட்டில் போட்டால் 42 ஜிபி சொச்சம். நொடிக்கு ஆறு டோக்கனைத் தாண்டாது. டேட்டா சென்டர் சரக்கில் மட்டும் அவர்களே இந்த உண்மையை ஒத்துக்கொள்கிறார்கள். எச்100, எச்200 இரண்டிலும் கணக்குப் போடும் திறன் ஒன்றேதான். மாறியது மெமரி: 80 ஜிபி 141 ஆனது, பேண்ட்வித் நொடிக்கு 3.35 டெராபைட்டிலிருந்து 4.8 ஆனது. அதற்காகவே எச்200 என்று தனிப் பெயர் வைத்து விற்றார்கள்.

இனி மெமரி அளவு. மாடல் ஃபைல் 4.9 ஜிபிதானே, 8 ஜிபி கார்டு போதும் என்று நினைத்தால், உரையாடல் நீள நீள, இதுவரை வந்த டோக்கன்களை மாடல் நினைவில் வைக்கும் கேவி கேஷ் வந்து இடத்தை அடைக்கும். அந்த 800 கோடி லாமாவுக்கு 32 அடுக்குகள், அடுக்குக்கு 8 கேவி ஹெட்கள், ஒவ்வொன்றும் 128 எண்கள், கீ-வேல்யூ என்று இரட்டை, எண்ணுக்கு 2 பைட். பெருக்கினால் டோக்கனுக்கு 128 கேபி. 8,192 டோக்கனுக்கு 1 ஜிபி. மாடல் அட்டையில் பெருமையாகப் போட்டிருக்கும் 1,31,072 டோக்கன் கான்டெக்ஸ்டை (மாடல் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய நீளம்) முழுதாகப் பயன்படுத்தினால் 16 ஜிபி, அதாவது மாடலைப் போல மூன்று மடங்கு. கேஷை 8 பிட்டாகச் சுருக்கினால் பாதியாகும். இந்தக் கேஷையும் ஒவ்வொரு டோக்கனுக்கும் படிக்க வேண்டும், அதனால்தான் பேச்சு நீண்டதும் பதில் நொண்டுகிறது.

கார்டில் இடம் தீர்ந்தால் எரர் வரும் என்று காத்திருக்காதீர்கள். விண்டோஸில் என்விடியா டிரைவர் மிச்சத்தைச் சத்தமில்லாமல் சிஸ்டம் ரேமுக்குத் தள்ளிவிடும். அங்கிருந்து எல்லாம் பிசிஐஇ (கார்டை மதர்போர்டுடன் இணைக்கும் பாதை) வழியாக வர வேண்டும். நான்காம் தலைமுறை 16 லேனில் நொடிக்கு 32 ஜிபிதான், 4060 போன்ற கார்டுகள் 8 லேன் மட்டுமே பயன்படுத்துவதால் அதிலும் பாதி. நன்றாக ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று ஒவ்வொரு சொல்லாக முக்க ஆரம்பித்தால் முதல் சந்தேகம் இதன் மேல் போகட்டும். என்விடியா கன்ட்ரோல் பேனலின் 3டி அமைப்புகளில் 'சிஸ்மெம் ஃபால்பேக் பாலிசி'யை 'நோ ஃபால்பேக்' பக்கம் மாற்றினால், மெதுவாவதற்குப் பதில் நேராக எரர் வரும். அதுதான் நல்லது.

பாதியை ஜிபியுவிலும் பாதியை ரேமிலும் வைத்து ஓட்டலாமே என்பார்கள். ஓட்டலாம், ஆனால் எதிர்பார்க்கும் லாபம் கிடைக்காது. 42.5 ஜிபி மாடலில் 22 ஜிபியை 3090-இல் வைத்தால் அந்தப் பகுதி 0.024 நொடியில் முடியும். மீதி 20.5 ஜிபியை 89.6 வேக ரேமிலிருந்து படிக்க 0.229 நொடி. மொத்தம் கால் நொடி, நொடிக்கு 4 டோக்கன். ஜிபியு இல்லாமல் முழுதும் ரேமில் ஓட்டினாலே 2 வரும். அவ்வளவு பெரிய கார்டைப் போட்டுக் கிடைத்த ஆதாயம் இரண்டு மடங்கு மட்டும்தான்.

மாடல்களை இறக்கி ஓட்டும் ஒல்லாமா மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. அதன் பல பதிப்புகளில் கான்டெக்ஸ்ட் நீளம் தானாக 4,096 டோக்கன், அதற்கும் முந்தியவற்றில் 2,048. நீங்கள் முப்பது பக்க ஆவணத்தைக் கொடுத்தால் அது அளவுக்கு மேற்பட்டதை வெட்டிவிட்டு மீதியை மட்டும் படிக்கும். மாடல் முட்டாள் என்று திட்டுவதற்கு முன் அந்த அமைப்பைக் கூட்டுங்கள். கூட்டியபின் 'ஒல்லாமா பிஎஸ்' கட்டளை கொடுத்து, மாடல் நூறு சதவீதம் ஜிபியுவிலேயே இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பெரிய ஜிபியு இல்லாதவர்களுக்கு நல்ல செய்தி 'மிக்ஸ்சர் ஆஃப் எக்ஸ்பர்ட்ஸ்' வகை மாடல்கள். இவை மட்டும் ஒரு டோக்கனுக்கு எல்லா வெயிட்களையும் படிக்காமல் ஒரு பகுதியை மட்டும் படிக்கும். 2025-இல் வந்த குவென்3-இன் 30பி-ஏ3பி மாடலில் மொத்தம் 3,050 கோடி பாராமீட்டர், ஆனால் ஒரு டோக்கனுக்கு வேலை செய்வது 330 கோடிதான். 4 பிட்டில் மெமரியில் 18 ஜிபிக்கு மேல் பிடிக்கும், ஆனால் டோக்கனுக்குப் படிப்பது 2 ஜிபி அளவே. 89.6 வேக ரேமிலேயே உச்சவரம்பு 40-ஐத் தாண்டுகிறது. ஓப்பன்ஏஐயின் ஜிபிடி-ஓஎஸ்எஸ் 20பி-யும் இதே ரகம்: 2,100 கோடியில் 360 கோடி மட்டும் இயங்கும், 16 ஜிபி மெமரிக்குள் அடங்கிவிடும். சாதாரண லேப்டாப் வாங்குகிறவர் டாப்ஸுக்குக் கொட்டும் காசை 32 ஜிபி ரேமில், இரண்டு சேனலாகப் போடச் சொல்வேன். ரேமைப் போர்டிலேயே பற்றவைத்த மாடல் என்றால் அந்த முடிவு வாங்கும் நாளன்றே எடுக்க வேண்டியது. 2025 கடைசியில் ரேம் விலை ஏறிய வேகத்தையும், மைக்ரான் தன் 'குரூஷியல்' பிராண்டையே மூடுவதாக அறிவித்ததையும் பார்த்தால், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணமும் வேண்டாம்.

டாப்ஸுக்கும் ஒரு வேளை வரும், அதை மறைத்தால் நியாயமில்லை. நீங்கள் கொடுக்கும் கேள்வியைப் படிக்கும் கட்டத்தில் நூற்றுக்கணக்கான டோக்கன்கள் ஒன்றாகப் போகும். வெயிட்களை ஒரு முறை படித்தால் அத்தனைக்கும் சேர்த்துக் கணக்குப் போடலாம். அங்கே மெமரி காத்திருக்கும், சிப்தான் திணறும். கோடிங் ஏஜென்ட் (தானாக நிரல் எழுதும் ஏஐ கருவி) 20,000 டோக்கனை அனுப்பினால் 800 கோடி மாடலுக்கு 320 லட்சம் கோடி கணக்குகள். நிஜத்தில் 10 டாப்ஸ் தேறும் சிப்பில் முதல் சொல் வரவே 32 நொடி. மேக் வைத்திருப்பவர்கள் நெடுநாள் புலம்பியது இதைத்தான். 2025 அக்டோபரில் வந்த எம்5-இல் ஜிபியு கோர்களுக்குள்ளேயே நியூரல் ஆக்சிலரேட்டர்களை வைத்ததும் இதற்காகத்தான். கிளவுட் கம்பெனிகள் நூறு பேரின் கேள்விகளை ஒன்றாகக் கட்டி ஓட்டி மலிவாகத் தர முடிவதும் இதே கணக்கால்தான்.

இன்ஃபரன்ஸ் (பயிற்சி முடிந்த மாடலை ஓட்டுவது) பக்கம் வேலை தேடுகிறவர்கள் நான் மேலே போட்ட வகுத்தல்களைக் காகிதத்தில் போட்டுப் பழகுங்கள். பைட்டுக்கு எத்தனை கணக்கு என்பதை வைத்து வரையும் ரூஃப்லைன் வரைபடம் 2009-இலேயே வந்துவிட்டது. இன்றும் ஒரு சர்வர் ஏன் மெதுவாக இருக்கிறது என்று கண்டுபிடிக்க முதலில் எடுப்பது அதைத்தான். புது ஃப்ரேம்வொர்க் பெயர்களை ரெஸ்யூமேயில் அடுக்குவதைவிட, 'இந்த மாடல், இந்தக் கார்டு, எத்தனை டோக்கன் வரும்?' என்ற கேள்விக்கு இரண்டு நிமிடத்தில் பதில் சொல்வது இன்டர்வியூவில் எடுபடும்.

ரிவ்யூ படிக்கும்போது மாடல் ஓட்டும் மென்பொருளான லாமா.சிபிபி-உடன் வரும் 'லாமா பெஞ்ச்' என்ற வேகச் சோதனையின் முடிவைத் தேடுங்கள். அதில் 'பிபி512' என்ற வரி 512 டோக்கன் கேள்வியைப் படிக்கும் வேகம், 'டிஜி128' என்பது 128 டோக்கன் பதில் எழுதும் வேகம். எந்த மாடல், எந்த அளவுச் சுருக்கம் என்பதும் பக்கத்தில் இருக்க வேண்டும். நீண்ட ஆவணங்களும் கோடிங் ஏஜென்ட்டும் உங்கள் வேலை என்றால் முதல் வரியைப் பாருங்கள், உட்கார்ந்து உரையாடத்தான் என்றால் இரண்டாவதை. இரண்டுமே இல்லாமல் டாப்ஸ் மட்டும் போட்டிருந்தால் அடுத்த ரிவ்யூவுக்குப் போய்விடலாம்.