வடக்குச் சுவர் ஹோயா

ஜூன் 4
பழைய காம்பின் நுனியில் கடுகளவு மொட்டுகள்! போன வருஷம் பூத்த அதே காம்பு. ஹோயாக் கொடி பூத்த காம்பிலேயே திரும்பத் திரும்பப் பூக்கும். காய்ந்த குச்சிதானே என்று யாராவது ஒடித்துவிட்டால் அங்கே பூ போச்சு. வீடு மாறுகிற இந்த மாசமா வரணும்?

ஜூன் 5
அட்டைப்பெட்டிகள் வந்தன. பிரிக்கவில்லை.

ஜூன் 8
டார்ச் அடித்துப் பார்த்தேன். கணுவுக்குக் கணு நூல் நூலாய் வேர் விட்டு, சுவரின் பாசியைப் பிடித்திருக்கிறது. இழுத்தால் பிய்ந்துதான் வரும். இரண்டு பக்கமும் சுவர், மேலே மரம். காற்று அடிக்காது, உச்சி வெயில் இறங்காது. நேர் வெயில் பட்டால் இலை மஞ்சளிக்கும். ஒரேயடியாய் இருட்டானாலோ வெறும் இலையாய் நின்றுவிடும். இங்கே நாள் முழுக்க வானத்து வெளிச்சம் மட்டும் விழுகிறது. புது வீட்டில் வெளிச்சம் எந்தப் பக்கம்? கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை.

ஜூன் 9
மேல்மண் இன்னும் ஈரம். தண்ணீர் விடவில்லை.

ஜூன் 11
அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். 1810இல் ராபர்ட் பிரவுன் என்கிற தாவரவியலாளர் ஹோயா என்று பெயர் வைத்தது தாமஸ் ஹாய் என்கிற தோட்டக்காரரை நினைத்து. "தோட்டக்காரர் பேரா?" என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். எத்தனை நாளாச்சு அவர் தானாக உட்கார்ந்து.

ஜூன் 12
தூக்கமில்லை. மொட்டு விட்டபின் இடம் மாற்றினால் உதிர்த்துவிடும். மண் வறண்டாலும் உதிர்க்கும். எழுந்து போய்ப் பார்த்தேன். இருக்கிறது.

ஜூன் 15
நுனியில் மஞ்சள் அசுவினி. எருக்கஞ்செடியில் அப்புகிற அதே பூச்சி. ஹோயாவும் எருக்குக் குடும்பம்தான், கிள்ளினால் பால் வரும். ஒவ்வொன்றாய் விரலாலேயே துடைத்தெடுத்தேன். மொட்டுமேல் எதையும் தெளிக்க மனசு வரவில்லை.

ஜூன் 17
மொட்டில்லாத முற்றின கொடியில் இரண்டு கணு விட்டு வெட்டி, பால் வடிந்து காய்ந்தபின் ஈர மணலில் ஊன்றினேன். ஒரு கணு மண்ணுக்குள் இருக்கணும், வேர் அங்கிருந்துதான். பிடித்தாலும் பூக்கச் சில வருஷம் ஆகும். அப்பாவிடம் அதைச் சொல்லவில்லை.

ஜூன் 21
மொட்டுகள் வெளிறி, ஐந்து மூலையும் தெரிய, குட்டித் தலையணைகளாய் உப்பியிருக்கின்றன. பளபளவென்று மெழுகு மினுக்கம். வாசம் ராத்திரியில்தான் தூக்கலாய் வரும். அப்பா கட்டிலை ஜன்னலோரம் நகர்த்தச் சொன்னார். நகர்த்தியாச்சு.

ஜூன் 22
ஒன்றுகூட உதிரவில்லை.

ஜூன் 23
ஞாயிற்றுக்கிழமை வண்டி வரலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பூத்து முடியட்டும், அப்புறம் பேசலாம்.