டீச்சர், கொஞ்சம் கூட்டிப் போடுங்க

எடை பார்க்கும் நாளில் எங்கள் பால்வாடிக்கு வருகிற அம்மாக்கள் தராசு முள்ளைவிட என் பேனாவைத்தான் உற்றுப் பார்ப்பார்கள். திண்டுக்கல் மாவட்டத்தில், சுற்றிலும் நூல் மில்கள் இருக்கிற ஊர். விடியும் முன்பே மில் வேன் வந்துவிடும். மற்ற நாட்களில் பாதிப் பிள்ளைகளைப் பாட்டிகள்தான் கொண்டுவந்து விடுவார்கள். எடை நாளன்று மட்டும் ஷிப்டு மாற்றிக்கொண்டாவது அம்மாக்கள் வந்துவிடுவார்கள்.

போன வருஷம் ஒரு பெண் தன் மூன்று வயது மகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கொலுசைக் கழற்றச் சொன்னேன், கழற்றினாள். கனமான கவுனைக் கழற்றச் சொன்னபோது தயங்கினாள். தராசில் தொங்கவிட்டதும் முள் 9.4-இல் நின்றது. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டைப்படி மூன்று வயதுப் பெண் பிள்ளை சராசரியாக 14 கிலோவை ஒட்டி இருக்க வேண்டும். 10.8-க்குக் கீழே போனால் எடைக்குறைவு. 9.6-க்குக் கீழே போனால் கடுமையான எடைக்குறைவு.

"டீச்சர், ஒரு அரைக் கிலோ கூட்டிப் போடுங்களேன். கடைசிக் கோட்டுக்குக் கீழ புள்ளி விழுந்தா எங்க மாமியா என்னையத்தான் பேசும்" என்றாள். மாமியார் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

இரக்கப்பட்டால் எழுதிவிடலாம். யாரும் மறுபடி எடை போட்டுப் பார்க்கப் போவதில்லை. ஆனால் 9.4 என்று எழுதினால்தான் மருத்துவக் குழு வரும்போது முதலில் கூப்பிட வேண்டிய பிள்ளைகளில் அவள் இருப்பாள். 2022 மே மாதம் ஊட்டியில் தொடங்கிய 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டமே சத்துக்குறைவான பிள்ளைகளைக் கண்டுபிடித்துச் சிகிச்சையும் கூடுதல் சத்துணவும் கொடுக்கத்தான். 9.9 என்று எழுதினால் மிதமான குறைவு என்கிற பெரிய கும்பலில் கலந்துவிடுவாள். அம்மாவுக்கு நிம்மதி, எனக்கு வேலை மிச்சம், அறிக்கையும் பார்க்க அழகாக இருக்கும். ஆட்சேபிக்க வேண்டிய ஒரே ஆளுக்கு இன்னும் வாக்கியம் சேர்த்துப் பேச வராது.

இந்த வேலையில் எனக்குப் பயம் தருவது இதுதான். பத்தாம் வகுப்புப் பையனுக்கு மார்க்கைக் குறைத்துப் போட்டால் வந்து சண்டை போடுவான். என் பிள்ளைகளுக்கு அவர்களைப் பற்றி நான் என்ன எழுதுகிறேன் என்பதே தெரியாது.

9.4 என்றே எழுதினேன், பிள்ளைகளின் கணக்கை நாங்கள் பதிகிற அரசாங்க ஆப்பான போஷன் டிராக்கரிலும் அதையே ஏற்றினேன். ஆனால் எண்ணை வாய்விட்டுச் சொல்லவில்லை. மாமியார் உள்ளே வந்து "எம்புட்டு இருக்கா?" என்றார். "பிள்ளைய ஒருதடவ டாக்டர்கிட்ட காட்டிருவோம் பெரியம்மா. ரத்தம் கம்மியா இருக்கலாம், பூச்சி இருக்கலாம். நீங்களும் கூட வாங்க" என்றேன். யார் வளர்ப்பு சரியில்லை என்கிற பேச்சுக்கு அங்கே இடம் வரவில்லை. அம்மாவிடம் பிறகு தனியாகக் கணக்கைச் சொன்னேன். டாக்டர் இரும்புச்சத்து மருந்து கொடுத்தார். எடை மெதுவாகத்தான் ஏறியது. சினிமா மாதிரி ஒரே மாதத்தில் கன்னம் உப்பிவிடாது.

உயரத்திலும் இதே வம்பு உண்டு. இரண்டு வயதுக்குள் இருக்கிற பிள்ளையைப் படுக்கவைத்துத்தான் அளக்க வேண்டும். நிற்கவைத்தால் ஏறக்குறைய 0.7 சென்டிமீட்டர் குறையும். அழுது திமிறுகிற பிள்ளைக்கு ஒருவர் தலையைப் பிடிக்க, இன்னொருவர் முட்டியை நீட்ட வேண்டும். போன மாதக் கணக்கில் ஒரு சென்டிமீட்டர் கூட்டி எழுதிவிட்டால் ஒரு நொடி வேலைதான். ஆனால் உயரம் தப்பானால் உயரத்துக்கேற்ற எடையும் தப்பாகிவிடும். இல்லாத நோய் தெரியும், இருக்கிற நோய் மறையும்.

போட்டோ விஷயத்தில் நான் கொஞ்சம் முரட்டு ஆள். அலுவலகம் கேட்கிற படம் அலுவலகத்துக்கு மட்டும். என் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் எந்தப் பிள்ளையும் வராது, சரஸ்வதி பூஜைக்குக்கூட வராது. புருஷனைப் பிரிந்து அம்மா வீட்டோடு வந்திருக்கிற ஒருத்தியின் பையன் எங்களிடம் படிக்கிறான். அவன் இந்த ஊரில் இருப்பது யாருக்குத் தெரியலாம், யாருக்குத் தெரியக் கூடாது என்பது அவளுக்குத்தான் தெரியும். "முகத்த ஸ்மைலி வச்சு மறைச்சுப் போடலாம்ல?" என்று பக்கத்து மையத்து அக்கா கேட்டார். சுவரில் ஊர்ப் பெயர் இருக்கே அக்கா என்றேன்.

பிள்ளைகள் வீட்டையே வாயில் தூக்கிக்கொண்டு வருவார்கள். கதை சொல்லிக்கொண்டிருக்கும்போது நடுவில், "எங்கப்பா நேத்து டிவிய உடைச்சிட்டாரு" என்று ஒருவன் எழுந்து அறிவிப்பான். உடனே இன்னொருத்தி, "எங்கம்மா தாலிய அடகு வச்சிருச்சு" என்பாள். நானும் சமையல் பார்க்கிற அக்காவும் பேசி வைத்திருக்கிறோம்: உள்ளே கேட்டது குழாயடிக்குப் போகக் கூடாது. அக்காவுக்கு முதலில் இது கஷ்டமாகத்தான் இருந்தது. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர், எல்லா வீடும் சொந்தம்.

ஆனால் இந்த மௌனத்துக்கு ஒரு எல்லை உண்டு. பிள்ளையை யாரோ தகாத முறையில் தொட்டார்கள் என்று சந்தேகம் வந்தால் அதை ரகசியமாக வைத்திருக்க எனக்கு உரிமை கிடையாது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காப்பதற்கான 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவு, விஷயம் தெரிந்த யாராக இருந்தாலும் போலீசில் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தெரிவிக்காவிட்டால் 21-ஆவது பிரிவின்படி ஆறு மாதம்வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கும் போன் பண்ணலாம். பிள்ளை சொன்னதை அதன் வார்த்தையிலேயே அன்றைக்கே தேதி போட்டு எழுதி வைக்க வேண்டும். நம்மால் நம்ப முடியவில்லையே என்று திருப்பித் திருப்பிக் கேட்டால் பிள்ளை பயந்து மாற்றிச் சொல்லும், அல்லது நாம் விரும்புவதைச் சொல்லும். வீட்டுப் பெரியவர்களிடம் முதலில் கேட்டுக்கொள்ளலாமே என்பார்கள். தொட்டவரே அந்த வீட்டுப் பெரியவராக இருந்தால்?

எனக்குக் கிடைத்த பயிற்சிகளில் ஆப்பில் பதிவது எப்படி, பாட்டுக்குக் கையசைப்பது எப்படி என்றெல்லாம் நன்றாகவே சொல்லிக்கொடுத்தார்கள். வாசலில் மாமியார் நிற்கும்போது மருமகளிடம் எடையை எப்படிச் சொல்வது, அழுதுகொண்டே ஒன்றைச் சொல்கிற பிள்ளையிடம் அடுத்த வார்த்தை என்ன பேசுவது என்று யாரும் நடித்துக் காட்டியதில்லை. அதற்கு ஒரு மத்தியானம் ஒதுக்கினால் முன்வரிசையில் நான் உட்கார்ந்திருப்பேன், அக்காவையும் இழுத்துக்கொண்டு போவேன்.