இடம், இருக்கை, குரல்

2017 அக்டோபரில் அப்பா ஊரிலிருந்து லண்டனுக்கு வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. காலையில் டீ குடித்துக்கொண்டே செய்திகளை அவருக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். பிரிட்டனின் முப்படைகளுக்கும் தலைமைத் தளபதியாக இருந்து, முந்தைய ஆண்டு ஓய்வு பெற்ற ஜெனரல் சர் நிக் ஹவுட்டனுக்குப் பிரபு பட்டம் கொடுக்கப் போகிறார்கள் என்று ஒரு செய்தி இருந்தது. அப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"ரிட்டையர் ஆனப்புறம் கொடுக்கிறாங்களா? அதை வச்சு அவர் என்ன பண்ணுவாரு?"

"பார்லிமென்ட்டோட மேலவையான பிரபுக்கள் சபையில உட்கார்ந்து பேசலாம்ப்பா. ஆயுசு முழுக்க."

"அப்ப அதை நான் பார்க்கணும்" என்றார்.

அப்பா மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் 28 வருஷம் இருந்தவர். நீலகிரியில் உள்ள வெலிங்டனில் பயிற்சி, 1971 போரில் மேற்கு முனையில் ஷகர்கர் பகுதி, கடைசியில் சுபேதாராக ஓய்வு. ஓய்வுக்குப் பிறகு சுதந்திர தினப் பட்டியலில் ஹானரரி கேப்டன் ஆனார். வேலூர் பக்கம் எங்கள் ஊரில் இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு 'கேப்டன் வீடு' என்றுதான் பெயர். தபால்காரர் கதவு எண்ணைப் பார்ப்பதே இல்லை. ஓய்வு பெற்ற சிப்பாயின் பெயருக்கு முன்னால் ஓர் அரசு ஒரு சொல்லைச் சேர்ப்பது என்றால் என்ன என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதனால்தான் இதை எப்படியாவது அவருக்குக் காட்டிவிட வேண்டும் என்று இறங்கினேன். பார்க்க நினைக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் நான் புரிந்துகொண்டது: அறிவிப்பு வந்த அன்றே ஒருவர் பிரபு ஆகிவிடுவதில்லை. ஓய்வு பெறும் பெரிய அரசுப் பணியாளர்களில், ஒரு நாடாளுமன்றக் காலத்துக்குப் பத்துப் பேர் வரை, பிரதமரே நேரடியாகப் பரிந்துரைக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. கட்சிச் சார்பு இல்லாதவர்களுக்கான வழி அது. 2000-ல் அமைந்த நியமன ஆணையம் அவர்களுடைய நடத்தையில் குறை ஏதும் உண்டா என்று பார்க்கும். அப்புறம் பட்டப்பெயரை முடிவு செய்ய வேண்டும். அதற்கு, பட்டங்களையும் குலச்சின்னங்களையும் கவனிக்கும் 'கார்ட்டர்' என்னும் தலைமை மரபுக்குறி அதிகாரியுடன் பேசி, எந்த ஊரின் பெயரோடு பிரபு ஆவது என்று தீர்மானிக்கிறார்கள். பிறகு பெருமுத்திரை பதித்த பட்டயம். அதற்கும் பிறகுதான் சபையில் அறிமுகம். எங்கள் விஷயத்தில் அறிவிப்பு அக்டோபரில், அறிமுகம் நவம்பரில்.

ஹவுட்டன் தேர்ந்துகொண்ட ஊர் வட யார்க்‌ஷயரில் உள்ள ரிச்மண்ட். அவர் ராணுவத்தில் சேர்ந்தது கிரீன் ஹோவர்ட்ஸ் ரெஜிமென்ட்டில். அந்த ரெஜிமென்ட்டின் தாய்வீடு ரிச்மண்ட், அதன் அருங்காட்சியகமும் அங்கேதான். இதைச் சொன்னதும் அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. "பார்த்தியா, ரெஜிமென்ட்டை விடல பாரு" என்றார். அவர் அப்படி நினைத்துத்தான் தேர்ந்தாரா என்று எனக்குத் தெரியாது, ஆனால் அப்பாவுக்கு அதில் சந்தேகமே இல்லை. உடனே அடுத்த கேள்வி: "நம்ம வெலிங்டன் பேரும் இப்படி வந்ததுதானா?"

அப்படித்தான். ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் அஸ்ஸாயேவிலும் போரிட்ட ஆர்தர் வெல்லஸ்லி, 1809-ல் ஸ்பெயினில் தலவேரா போருக்குப் பிறகு வெலிங்டன் என்ற பெயரில் பிரபு ஆனார். அடுத்தடுத்துப் பட்டங்கள் உயர்ந்துகொண்டே போய் 1814-ல் பிரபுக்களில் மிக உயர்ந்த படியான டியூக். அத்தனை வருஷமும் போர்க்களத்திலேயே இருந்ததால் சபையில் ஒருமுறைகூட உட்காரவில்லை. 1814-ல் திரும்பி வந்தபோது எல்லாப் பட்டயங்களையும் ஒரே நாளில் வரிசையாக வாசித்தார்களாம். அந்தப் பட்டப்பெயர்தான் பிறகு நம் நீலகிரி மலையில் ஒரு ராணுவ ஊருக்கு வந்தது. அப்பா பதினெட்டு வயதில் ட்ரங்குப் பெட்டியோடு போய் இறங்கிய ஊரின் பெயரே ஒரு தளபதியின் பிரபு பட்டம். இதை அவர் அம்மாவுக்குப் போன் போட்டு இரண்டு தடவை சொன்னார்.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். சபையின் பொதுமக்கள் மாடத்துக்குக் கட்டணம் கிடையாது. யார் வேண்டுமானாலும் வரிசையில் நின்று போகலாம். அன்றைய அலுவல் பட்டியல் நாடாளுமன்றத்தின் இணையதளத்தில் இருக்கும். அதில் 'அறிமுகம்' என்ற வரியில் யார் பெயர் வருகிறது என்று தினமும் பார்த்துக்கொண்டே இருந்தேன். சபை கூடும் நேரம் கிழமைக்குக் கிழமை மாறும். திங்கள், செவ்வாய் பிற்பகல் 2.30, புதன் 3 மணி, வியாழன் என்றால் காலை 11.

நாங்கள் முதல் தடவை தவறவிட்டோம். அதே அக்டோபர் பட்டியலில் இருந்த இன்னொருவரின் அறிமுக நாளில், வழி தெரிந்துகொள்ளலாமே என்று ஒத்திகை போலப் போனோம். அரை மணி நேரம் முன்னதாகப் போனால் போதும் என்று நினைத்தது என் தவறு. பாதுகாப்புச் சோதனை முடிந்து மாடத்துக்கு ஏறிப் போனபோது கேள்வி நேரம் ஓடிக்கொண்டிருந்தது. சபை தொடங்கியதும் பிரார்த்தனை, அது முடிந்த கையோடு அறிமுகம், அடுத்து கேள்விகள். முழு அறிமுகச் சடங்குக்கும் சில நிமிடங்கள்தான். பிரார்த்தனையின்போது வெளியாட்களை உள்ளே விட மாட்டார்கள். ஆகவே பிரார்த்தனை முடியும் நேரத்தில் மாடத்தின் கதவருகே நாம் நின்றாக வேண்டும். அப்பா எதுவும் சொல்லவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது மட்டும், "பரேடுக்கு லேட்டா போன மாதிரி இருக்குடா" என்றார்.

அடுத்த முறை இரண்டு மணி நேரம் முன்பே கிளம்பிவிட்டோம். அப்பா நேவி புளூ பிளேஸரும் ரெஜிமென்ட் டையும் போட்டுக்கொண்டார். இடது மார்பில் மெடல்கள். வேண்டாம்ப்பா, சோதனையில் கழற்றச் சொல்வார்கள் என்றேன். "கழட்டித் தரேன்" என்றார். குரோம்வெல் கிரீன் வாசலில் விமான நிலையத்தில் இருப்பதுபோன்ற சோதனைதான். மெடல் பட்டையை முழுசாகக் கழற்றிச் சாம்பல் நிற பிளாஸ்டிக் தட்டில் வைத்தார். 1971 போருக்கான பஸ்சிமி ஸ்டார், சங்க்ராம் மெடல், நீண்ட சேவைக்கான மெடல்கள். ரிப்பன்கள் மங்கிப்போயிருந்தன. முந்தின நாள் ராத்திரி பல் துலக்கும் பொடி போட்டுத் தேய்த்ததில் உலோகம் மட்டும் பளிச்சென்று இருந்தது. தட்டு இயந்திரத்தைக் கடந்து மறுபக்கம் வந்ததும், அங்கே இருந்த காவலர் அதை மற்ற தட்டுகளைப் போல நகர்த்திவிடவில்லை. இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு வந்து அப்பாவிடம் நீட்டினார். எந்த ரெஜிமென்ட் என்று கேட்டார். அப்பா விறைப்பாக நின்று பதில் சொன்னார். தானும் ராணுவத்தில் இருந்தவன் என்றார் காவலர். அவ்வளவுதான் பேச்சு. மெடல்களை மறுபடி குத்திக்கொள்ள அப்பாவுக்குக் கை கொஞ்சம் நடுங்கியது, நான்தான் குத்திவிட்டேன்.

வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபம், புனித ஸ்டீபன் மண்டபம், நடுக்கூடம் என்று ஒவ்வொன்றாகக் கடந்து போக வேண்டும். மாடத்துக்குப் படிகள் நிறைய. முழங்கால் வலி உள்ளவர்கள் ஊழியர்களிடம் கேட்டால் லிஃப்ட் காட்டுவார்கள், கேட்கத் தயங்க வேண்டாம். பையையும் போனையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

உள்ளே சிவப்புத் தோல் இருக்கைகள், பொன் வேய்ந்த காலி அரியணை, அதற்கு முன்னால் கம்பளி அடைத்த பெரிய சிவப்பு மெத்தையில் சபைத் தலைவர். நாங்கள் உட்கார்ந்ததும் ஊர்வலம் உள்ளே வந்தது. முன்னால், சபையின் ஒழுங்கைக் கவனிக்கும் கருங்கோல் ('பிளாக் ராட்') அதிகாரி. அந்த வருஷம் அந்தப் பதவியை வகித்தவரே ஓய்வு பெற்ற லெப்டினென்ட் ஜெனரல்தான். பின்னால் பல வண்ணச் சித்திரவேலை செய்த மேலங்கியில் மரபுக்குறி அதிகாரி. அடுத்து, ஏற்கெனவே பிரபுக்களாக இருக்கும் இருவருக்கு நடுவே புதியவர். மூவருக்கும் ஒரே மாதிரி செந்நிற அங்கி, பிரபுக்களில் முதல் படியான பாரன் நிலைக்குரிய இரண்டு வெள்ளைப் பட்டைகள். அரியணைப் பக்கம் பார்த்துத் தலை வணங்கினார்கள். அப்பா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

சபை எழுத்தர் பட்டயத்தை வாசித்தார். பழைய ஆங்கிலம். நான் அப்பாவுக்காக முன்பே வீட்டில் அந்த வாசகத்தைத் தேடி எடுத்து, தமிழாக்கி, ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தேன். "எமது தனி அருளாலும், தெளிந்த அறிவாலும், சொந்த விருப்பத்தாலும்" என்று அரசியார் சொல்வதாகத் தொடங்கி, நாடாளுமன்றத்தில் அவருக்கு "ஓர் இருக்கையும் இடமும் குரலும்" உண்டு என்று வரும். அப்பா தாளில் விரல் வைத்து வரியைத் தொடர்ந்துகொண்டிருந்தார். 'குரல்' வந்த இடத்தில் விரல் நின்றுவிட்டது.

பிறகு ஹவுட்டன் உறுதிமொழி எடுத்தார், பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார், சபைத் தலைவரிடம் போய்க் கை குலுக்கினார். உறுப்பினர்கள் முழங்கிய வாழ்த்தொலியோடு ஊர்வலம் வெளியே போனது. அங்கியைக் கழற்றிவிட்டுச் சாதாரண உடையில் திரும்பி வந்து, எல்லாரையும் போல ஓர் ஓரத்தில் உட்கார வேண்டியதுதான். 1958-ம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆயுட்காலப் பிரபு என்பதால் பட்டம் பிள்ளைக்குப் போகாது. சம்பளமும் இல்லை, 2017-ல் வந்த நாளுக்கு 300 பவுண்டு படி இருந்தது.

திரும்பும் வழியில் நாங்கள் நிறையப் பேசினோம். தேர்தலில் நிற்காத ஒருவர் சாகும்வரை சட்டம் செய்யும் அவையில் இருப்பது எனக்கு இன்னும் உடன்பாடில்லை என்றேன். நம் அரசியலமைப்பின் 18-வது பிரிவு பட்டங்களை ஒழித்துவிட்டு, ராணுவ, கல்விச் சிறப்புகளுக்கு மட்டும் இடம் விட்டது எவ்வளவு சரியான முடிவு என்றும் சொன்னேன். மானெக்‌ஷாவுக்கு 1973-ல் ஓய்வுக்கு இரண்டு வாரம் முன்பு, ராணுவத்தின் மிக உயர்ந்த பதவியான ஃபீல்டு மார்ஷல் வந்தது. கரியப்பாவுக்கு ஓய்வு பெற்று முப்பது வருஷத்துக்கு மேல் ஆன பின் 1986-ல் வந்தது. பிரிவினைக்கு முந்தைய இந்தியப் படைகளின் கடைசித் தலைமைத் தளபதி ஆக்கின்லெக், 1947-ல் பிரிட்டிஷ் பிரதமர் அட்லி கொடுக்க முன்வந்த பிரபு பட்டத்தை வேண்டாமென்று சொல்லிவிட்டார். பிரிவினையோடு தன் பெயர் சேர்வதை அவர் விரும்பவில்லை. இதைக் கேட்டு அப்பா வெகுநேரம் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

ஆனால் என்னோடு அவர் ஒத்துப்போகவில்லை. "சர்வீஸ்ல இருக்கிற வரைக்கும் வாயைத் தொறக்கக் கூடாது. சொன்னதைச் செய்யணும். நாப்பது வருஷம் பார்த்தது எல்லாம் உள்ளயே இருக்கும். வெளிய வந்தப்புறம், வா, உட்காரு, பேசுன்னு சொல்றாங்க இல்ல? அது பெரிய விஷயம்டா." நம் ஊரில் தளபதியாக இருந்த ஜெனரல் சங்கர் ராய்சௌத்ரி 1999-ல் மாநிலங்களவைக்குப் போனதைச் சொன்னேன். "அவரை எலெக்ட் பண்ணி அனுப்பினாங்க. இவரைக் கூப்பிட்டு உட்கார வச்சிருக்காங்க" என்றார். அந்த வித்தியாசம்தான் எனக்கு நெருடல், அவருக்கு அதுதான் மரியாதை. இன்றும் நான் என் பக்கம்தான். ஆனாலும் தாளில் அவர் விரல் நின்ற இடத்தைப் பார்த்த பிறகு, பழைய உறுதியோடு வாதாட எனக்கு வரவில்லை.

புதிய பிரபுவின் முதல் பேச்சைச் சர்ச்சை இல்லாமல் வைத்துக்கொள்வதும், மற்றவர்கள் குறுக்கிடாமல் கேட்பதும் அங்கே வழக்கம் என்று சொல்லியிருந்தேன். அது வந்ததும் தனக்குச் சொல்ல வேண்டும் என்று அப்பா ஊருக்குப் போகும்போது மூன்று முறை நினைவுபடுத்தினார். வந்தது. அச்செடுத்து வைத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் போட்டுப் பத்தி பத்தியாகத் தமிழில் சொன்னேன். அம்மா பக்கத்தில் பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது. "கொஞ்சம் சும்மா இரு, ஜெனரல் பேசறாரு" என்றார் அப்பா. பிறகு என்னிடம், "மறுபடி முதல்ல இருந்து படி, மெதுவா" என்றார்.