வாதாம் சருகும் வேப்பஞ்சருகும்: கொல்லையில் மூடாக்கு போட்ட கதை

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. கொல்லையில் ஒரு வேம்பு, ஒரு வாதாம். மாசி வந்தால் பெருக்கி மாளாது. சாயங்காலமானால் தெருவே சருகைக் கொளுத்தும், நாங்களும் கொளுத்தியவர்கள்தான். இந்த வருஷம் அத்தனையையும் பாத்திகளுக்கு மூடாக்காக, அதாவது செடியைச் சுற்றி மண்ணை மூடும் போர்வையாக, கொண்டுபோனேன். கத்தரி 12 செடி, மிளகாய் 8, ஒரு பாத்தி வெண்டை.

முதல் வாரமே சறுக்கல். கத்தரிக்கு வாதாம் இலையை முழுசாக நாலு விரல் உயரம் பரப்பி, மேலேயே தண்ணீர் ஊற்றிவந்தேன். ஐந்தாம் நாள் செடி துவண்டது. சருகை விலக்கினால் அடியில் மண் பொடியாகக் கிடக்கிறது! இலை கையகலத்துக்கும் மேல், தோல் மாதிரி தடிப்பு. ஒன்றின்மேல் ஒன்று படிந்து, ஓடு வேய்ந்த கூரை போலத் தண்ணீரை ஓரத்துக்கு வடித்துவிட்டிருக்கிறது. பிறகு சாக்கில் திணித்து மிதித்து நொறுக்கிப் போட்டேன். மத்தியான வெயிலில் காய்ந்த இலை என்றால் பத்து நிமிஷ வேலை. காலைப் பனியில் நனைந்ததை மிதித்தால் கால்தான் வலிக்கும்.

வேப்பஞ்சருகுக்கு இந்தப் பாடே இல்லை. பொடி இலை, தண்ணீர் நேராக உள்ளே இறங்குகிறது. ஆனால் சீக்கிரம் கரைகிறது. மிளகாய்க்கு இரண்டு முறை மேலே போட வேண்டியிருந்தது.

வெண்டையில் செய்ததுதான் பெரிய தப்பு. மட்கினால் உரம்தானே என்று சருகை மண்ணோடு கொத்திக் கிளறிவிட்டு விதை ஊன்றினேன். மூன்றாம் இலையிலேயே வெளிர் மஞ்சள். காய்ந்த சருகில் தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு. அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டியதை மண்ணிலிருந்து இழுத்துக்கொள்ளும். சருகு மேலே கிடந்தால் செடிக்கு அவ்வளவாகத் தெரியாது. வேர்ப்பக்கம் கலந்தால் நேரடிப் போட்டி. கடலைப் பிண்ணாக்கை ஊறவைத்து வாரம் ஒருமுறை ஊற்றினேன். மூன்று வாரத்தில் பச்சை திரும்பியது, காய்ப்பு மட்டும் தள்ளிப்போனது.

சித்திரையில் கரையான். மிளகாய்த் தண்டை ஒட்டிச் சருகு குவிந்திருந்த இடத்தில் மண்கூடு கட்டி, ஒரு செடியின் பட்டையைச் சுரண்டிவிட்டது. தண்டைச் சுற்றி ஒரு சாண் விலக்கி, சருகும் நனைகிற மாதிரி தண்ணீர் தெளித்தேன். அதற்குப் பிறகு வேறு செடிக்குப் போகவில்லை.

இத்தனைக்கும் நடுவில் கத்திரி வெயில் வந்து போனது. போன வருஷம் அந்த நாட்களில் காலையும் மாலையும் தண்ணீர் விட்டும் கத்தரி கருகியது. இந்த வருஷம் ஒருநாள் விட்டு ஒருநாள்தான், அதுவும் காலையில் மட்டும். களை பறிக்க இரண்டு தடவைதான் குனிந்தேன்.

இப்போது ஆடி. வேப்பஞ்சருகில் ஈர்க்கு மட்டும் மிச்சம். வாதாம் நரம்பு நரம்பாக இன்னும் கிடக்கிறது. அதைத் தூக்கினால் மண்புழு. கீரைப் பாத்தியில் மட்டும் எதுவும் போடவில்லை, தண்டுக்கீரை விதை சருகை முட்டிக்கொண்டு வராது. பக்கத்து வீட்டுக்காரர் நேற்று மதில்மேலிருந்து கேட்டார்: "எங்க மாஞ்சருகையும் தரட்டுமா சார், இல்ல கொளுத்திடவா?" இரண்டு சாக்கு வாங்கி வைத்திருக்கிறேன்.